மந்தையில் நிற்பவன்

சினிமா பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போது தொற்றியதோ தெரியவில்லை. கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். என் கண் அவளுக்குப் பின்னால் இருக்கும் மாடக்குழியில் போய் நிற்கும். நடுவீட்டில் யார் உட்கார்கிறார், யார் திண்ணையோடு நின்றுகொள்கிறார், யாருக்குத் தண்ணீர்ச் செம்பு வாசலுக்கு வெளியே வருகிறது என்று கவனித்தால் பாதிக் கதை பிடிபட்டுவிடுகிறது. வசனம் அப்புறம்தான்.

*

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் வலது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் நெல், தென்னை, வாழை, கம்பத்தை நெருங்க நெருங்கத் திராட்சைப் பந்தல். எல்லாவற்றுக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே தெற்கே போகின்றன.

இந்தப் பள்ளத்தாக்குக்கு மலைதான் மதில். மதிலில் மூன்று வாசல்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. வாசலுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம், மலையாளம், வேறு மாநிலம். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த வாசல் தினப்படி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. மேலே போனால் அவர்கள் தமிழர்கள், கூலிக்கு வந்தவர்கள். பொழுது சாயக் கீழே இறங்கினால் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் பெயரோடு ஒரு ஒட்டு இருக்கிறது.

அவர்களை நினைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

*

1977க்கு முன்னால் தமிழ்ப்படத்தின் கிராமம் பெரும்பாலும் கோடம்பாக்கத்தில் இருந்தது. ஸ்டூடியோவுக்குள் ஒரு குடிசை, ஒரு கிணறு, வைக்கோற்போர், பின்னால் வரைந்த திரை. அந்தக் குடிசைக்கு முன்சுவர் மட்டும் போதும். பின்சுவர் இல்லாத வீட்டில் கொல்லைப்புறம் கிடையாது. கொல்லைப்புறம் இல்லாவிட்டால் அந்த வழியாக வருகிற மனிதர்களும் கிடையாது. வண்ணார், நாவிதர், எச்சில் இலை எடுப்பவர், கூலிக்கு நெல் குத்தும் கிழவி யாரும் அந்தக் கிராமத்தில் வாழ முடியாது. இடம் இல்லையே!

1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தபோது கேமரா வெளியே போனது என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வீட்டுக்கு நாலு பக்கமும் வந்தது என்பது. நடந்து போய்ச் சுற்றிப் பார்க்க முடிகிற வீட்டில்தான் அந்தப் படத்தின் நாயகன் சப்பாணி மாதிரி ஒருவன் ஒண்டிக்கொள்ள முடியும். அவன் இருப்பதெல்லாம் வாசலிலும் கொட்டிலிலும்தான். வீட்டு மனிதனும் இல்லை, தெரு மனிதனும் இல்லை. பட்டணத்துக் கால்நடை வைத்தியர் வந்த அன்றே அவருக்குக் கிடைக்கிற மதிப்பு, ஊரிலேயே கிடக்கிறவனுக்குக் கிடைப்பதில்லை. வெளியூர்க்காரன் வேறு, வெளியாள் வேறு என்பதை அந்தப் படம் யாரும் சொல்லாமலே புரியவைத்துவிட்டது.

*

பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். ஆனால் '16 வயதினிலே' எடுத்தது கர்நாடகத்தில், மைசூர் வட்டாரத்தில். 'முதல் மரியாதை' எடுத்ததும் கர்நாடகத்தில், காவிரிக்கரைத் தலக்காட்டில். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்பார்கள். மலை நம் மலை இல்லை, ஆறு நம் ஆறு இல்லை, மரம்கூட நம் மரம் இல்லை. பின்னே எது நம் ஊர்? யார் எங்கே நிற்பது, யார் எங்கே உட்காருவது என்கிற கணக்கு. அதை அவர் எடுத்துப்போய் அந்த ஆற்றங்கரையில் வைத்தார்.

*

'முதல் மரியாதை' (1985) பற்றிக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

சிவாஜி நடிக்கும் மலைச்சாமியின் வீடு பெரிய வீடு. ஊர்ப் பெரிய மனிதர் அவர். மனைவி பொன்னாத்தாவின் குரல் வீடு முழுக்கக் கேட்கும். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு மூலைகூட இல்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மனிதர் வெளியிலேயே திரிகிறார். வயக்காடு, ஆற்றங்கரை, மரத்தடி. வீடு சம்சாரத்தின் வீடு, ஊரின் வீடு. அவர் அதில் மரியாதைக்குக் குடியிருக்கிறார்.

குயில் அப்பனோடு பிழைக்க வருகிறாள். ஊருக்குள் இடம் கேட்கவில்லை. ஆற்றோரம் ஒரு குடிசை. பரிசல் தள்ளுகிற பெண்ணுக்கு அதுதான் தோது. ஊர் அதைப் பார்க்கிறது, பேசுகிறது, ஆனால் அங்கே போவதில்லை. மலைச்சாமி மட்டும் போகிறார். அவர் வருகிற பாதையைப் படம் விடாமல் காட்டுகிறது. ஊரிலிருந்து சரிவு, சரிவிலிருந்து மணல், மணலிலிருந்து குடிசை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவர் தோளிலிருந்து ஊரின் பாரம் கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கும். சிவாஜி நடந்தாலே நடிப்பு என்பார்கள். இந்தப் படத்தில் அந்த நடைக்கு ஒரு திசையும் இருக்கிறது.

படம் தொடங்குவதே அவர் அந்தக் குடிசையில் சாகக்கிடக்கும்போதுதான். பெரிய வீட்டுக்கு வரமாட்டேன் என்று கிடக்கிறார். ஊர் குடிசைக்கு வெளியே நிற்கிறது. வெளியாள் ஊருக்குள் வந்து சேர்ந்துகொள்கிற கதையை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஊரின் தலைமகனே வெளியே போய், வெளியாளின் கூரைக்கடியில் படுத்துக்கொள்கிற கதை அபூர்வம். அதைச் சொல்ல பாரதிராஜாவுக்கு இரண்டு வீடும் நடுவே ஒரு சரிவும் போதுமாக இருந்தது.

குறையையும் எழுதிவைக்க வேண்டும். நாவிதர் வீட்டுப் பையன், செருப்புத் தைப்பவரின் மகள், பரிசல்காரி என்று விளிம்பில் நிற்பவர்களைப் பாரதிராஜா திரும்பத் திரும்பப் படத்துக்குள் கூட்டிவந்தார். ஆனால் அவர்கள் வீட்டுக்குள் கேமராவை வைத்து அங்கிருந்து ஊரைப் பார்த்த ஷாட்டுகள் குறைவு. பெரும்பாலும் ஊர்தான் அவர்களைப் பார்க்கிறது. பரிவோடுதான். இருந்தாலும் பார்ப்பது ஊர்.

*

'கிழக்கே போகும் ரயில்' (1978): ஊருக்குள் இடமில்லாமல் போன நாவிதர் மகன் சேதி அனுப்புவது ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி. ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத சுவர் அது ஒன்றுதான். அது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்து மதுரை-போடி ரயில் 1928இல் வந்தது. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்ப வந்தது 2022 மே, போடிக்கு 2023 ஜூன். நடுவில் பிறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு ரயில் என்பது சினிமாவில் வருகிற ஒன்று.

*

மந்தை, சாவடி.

மதுரை, தேனிப் பக்கத்து ஊர்களில் இந்த இரண்டையும் தெரியாமல் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. சாவடி என்றால் தூண் வைத்த மேடை, மேலே கூரை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு சாவடி. ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், படுத்திருப்பார்கள், தாயம் ஆடுவார்கள். மந்தை அதற்கு எதிரே இருக்கும் வெட்டவெளி. சாவடியில் இருப்பவன் உள்ளூரான். வெளியாள் வந்தால் மந்தையில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். நம் படங்களில் வருகிற பஞ்சாயத்துக் காட்சிகள் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். மேடைக்கும் தரைக்கும் இடையே இரண்டடி உயரம் இருந்தால் மிஞ்சிப்போயிற்று. அந்த இரண்டடிதான் அதிகாரம்.

'அழகர்சாமியின் குதிரை' (2011) இதை வைத்துக்கொண்டு சிரிக்கவும் வைத்தது. பாஸ்கர் சக்தியின் கதை, சுசீந்திரன் இயக்கம். சாமியின் மரக்குதிரை காணாமல் போகிறது, நிஜக்குதிரை ஒன்று வந்து சேர்கிறது. குதிரையைச் சாமியாகக் கும்பிடுகிற ஊர், குதிரைக்குச் சொந்தக்காரனாக மலையிலிருந்து வருகிறவனைப் பிடித்து அடிக்கிறது. குதிரைக்கு ஊரில் இடம் உண்டு, குதிரைக்காரனுக்கு இல்லை. மூட்டை சுமந்து பிழைக்கிற குதிரை அது. சுமப்பதை நிறுத்தி நின்றவுடன் தெய்வமாகிவிட்டது. குதிரைக்காரனாக வரும் அப்புக்குட்டி அந்தப் படத்தில் நிற்கிற விதத்தைப் பாருங்கள், அடுத்தவர் நிலத்தில் நிற்கிறோம் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். தேசிய விருது கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்.

*

பாலாவும் தேனி மாவட்டத்துக்காரர். 'பரதேசி' (2013) பி.எச். டேனியலின் நாவலைத் தழுவியது. தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று மொழிபெயர்த்த நாவல். பஞ்சத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து போகிற கூட்டம்.

முதல் பாதியில் கிராமத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கோணல்மாணலாக, சந்து சந்தாகக் கிடக்கும். அடுத்த வீட்டுச் சண்டை நம் வீட்டுக்குள் கேட்கும். தோட்டத்துக்குப் போனதும் லயம். ஒரே நீளச் சுவர், ஒரே கூரை, அளந்து தடுத்த அறைகள். எல்லா வாசலும் ஒரே பக்கம் பார்க்கும். கங்காணி ஒரு முனையில் நின்றால் எல்லா வாசலும் தெரியும். மக்கள் அதேதான், வீடு மாறியவுடன் அவர்கள் கூலிகளாகிவிடுகிறார்கள். படம் அழுகையில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது என்பது என் எண்ணம். அந்த லயத்தைக் காட்டியதே போதுமாக இருந்தது.

*

லயத்தின் ஒரே அச்சு வாசல்களைப் பார்த்தபோது டிம் பர்ட்டனின் 'எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்' நினைவுக்கு வந்தது, 1990இல் வந்த அமெரிக்கப் படம். ஃப்ளோரிடாவில் ஒரு நிஜக் குடியிருப்பைப் பிடித்து, வீடுகளுக்கு வெளிறிய பச்சை, வெளிறிய ரோஸ், மஞ்சள் என்று வர்ணம் அடித்து எடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு வீடு, ஒரே அளவுப் புல்தரை. தெருக்கோடியில், பொருத்தமே இல்லாமல், குன்றின் மேல் ஒரு பாழடைந்த மாளிகை. கைக்குப் பதில் கத்தரிக்கோல்களோடு அங்கே தனியாக இருப்பவனைக் கீழே கூட்டிவருகிறார்கள். வியக்கிறார்கள், வேலை வாங்குகிறார்கள், கடைசியில் துரத்திவிடுகிறார்கள்.

மேலிருந்து கீழே வருகிறவன் அங்கே வெளியாள். இங்கே தினமும் ஜீப்பில் கீழிருந்து மேலே போகிறவர்கள்தான் வெளியாட்கள். திசை மாறினாலும் வேலை வாங்குவது மாறவில்லை.

*

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018 ஆகஸ்ட். விஜய் சேதுபதி தயாரித்தார், இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். ஊர்க்காரர்கள் நிறையப் பேர் நடித்த படம்.

அதில் கட்டடம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஒரு சின்ன வீடு, மலையடிவாரத்துக் கடை, மேலே எஸ்டேட், கட்சி ஆபீஸ். மீதி முழுக்கப் பாதை. கதாநாயகன் ரங்கசாமி ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை. முதல் அரை மணி நேரம் படம் அந்தப் பாதையில் நடந்துகொண்டே இருக்கிறது. "கதை எங்கேப்பா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பாதைதான் கதை என்று நான் நினைக்கிறேன். எங்கே மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவது, எந்தத் திருப்பத்தில் யாருக்குச் சாமி, யார் வீட்டுக்கு எதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என்று ஒருவனுக்கு அத்தனையும் தெரிந்திருக்கிறது. வழியில் எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது. ஒரு சென்ட் நிலம் இல்லாதவன் அந்த மலையில் வெளியாளாக இல்லை.

அவன் ஆசை கொஞ்சம் நிலம் வாங்குவது. பணம் சேர்கிறது, தட்டிப்போகிறது. நிலத்துக்கு ஆகட்டும் என்று சுமந்து வருகிற ஏலக்காய் மூட்டை ஒருநாள் கைதவறிப் பள்ளத்தில் உருள்கிறது. அந்தக் காட்சியில் இசையை நம்பாமல் மலையின் ஆழத்தை நம்பியிருக்கிறார்கள். பிறகு நிலம் வாய்க்கிறது. விவசாயம், விதை, உரம், கடன். தோட்டத்தில் இயந்திரமும் சாலையும் வருகின்றன. சங்கத்துச் சண்டை, கொலை, ஜெயில். திரும்பி வரும்போது நிலம் கைமாறிக் காற்றாலைக்குப் போயிருக்கிறது. ரங்கசாமிக்கு அதே நிலத்தில் வேலை கிடைக்கிறது. காற்றாலைக்குக் காவல்.

கடைசி ஷாட்டில் கேமரா அவனை விட்டு மேலே ஏறுகிறது. ஒரு காற்றாலை, பத்துக் காற்றாலை, பள்ளத்தாக்கு முழுக்கக் காற்றாலை. அவன் புள்ளியாகி மறைகிறான்.

நிலம் இல்லாதபோது அந்த மலை முழுக்க அவனுக்குப் பழக்கம். நிலம் வாங்கி, இழந்து, அதே நிலத்துக்குச் சம்பளக்காரனாகத் திரும்பும்போது அங்கே நிற்பதற்கு அவனுக்கு வருகைப் பதிவேடு தேவைப்படுகிறது. அவன் எங்கேயும் போகவில்லை. இடம்தான் அவனைச் சுற்றி மாறியது. தமிழ்ப்படத்தில் வெளியாளாக்கப்படுவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது.

அந்தக் காற்றாலைகள் செட் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமோ உத்தமபாளையம் பக்கமோ போனால் பார்க்கலாம். காற்றாலையே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, கரண்ட் எல்லோருக்கும் வேண்டும்.

*

தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 'அழகர்சாமியின் குதிரை', 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'பேரன்பு' (2019), 'கர்ணன்' (2021). இயக்குநர்கள் நாலு பேரும் வேறுவேறு. கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இவர்களை எங்கே வைப்பது?

'பேரன்பு'வில் ஏரிக்கரையோரம் தனித்த ஒரு வீடு. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு அப்பா ஒருவர் மனிதர்கள் வேண்டாம் என்று அங்கே ஒதுங்குகிறார். அந்த வீட்டின் மேலும் இடத்துக்கு அலைகிறவர்கள் கண் விழுகிறது. அதையும் இழந்து சென்னை லாட்ஜ் அறைக்கு வருகிறார்கள். ஏரிக்கரையில் அத்தனை அகலமாக இருந்த சட்டகம் லாட்ஜில் கதவு, கட்டில், குளியலறை என்று நெருக்கிப்பிடிக்கிறது. வயது வந்த மகளைக் குளிக்கவைக்க முடியாத அப்பனின் சங்கடத்துக்கு அந்த அறையின் அளவும் காரணம்.

'கர்ணன்' திருநெல்வேலிச் சீமை. பஸ் நிற்காத ஊர். அங்கே கேமரா ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மெயின் ரோட்டை வெளியாகப் பார்க்கிறது. பாரதிராஜாவிடம் நான் சொன்ன குறைக்கு இந்தப் படத்தின் இயக்குநர் மாரி செல்வராஜ் கொடுத்த பதில் மாதிரி இருக்கிறது. நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கும் சிறுமியைத் தாண்டி வண்டிகள் போகின்றன. ஒரு பஸ் ஸ்டாப் என்பது தகரக்கூரையும் ஒரு பலகையும்தான். அது இல்லாததால் செத்துப்போகிறாள்.

ஈஸ்வரைப் போல மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவருக்குத் தூரமும் உயரமும் தானாகப் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நிரூபிக்க முடியாது.

*

பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். சீனு ராமசாமியின் 'மாமனிதன்' (2022) கதை அங்கே நடக்கிறது. ஆட்டோ ஓட்டுகிற ராதாகிருஷ்ணன் பிள்ளைகளை நல்ல பள்ளியில் படிக்கவைக்க ஆசைப்பட்டு மனை விற்கும் தரகில் இறங்குகிறார். ஊர்க்காரர்கள் அவரை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். கூட்டாளி பணத்தோடு ஓடிவிடுகிறான். ராதாகிருஷ்ணன் ஊரைவிட்டு ஆலப்புழைக்கும் பிறகு காசிக்கும் போகிறார்.

படம் அவரோடு போய்விட்டது. எனக்கு அந்த மனைகளோடு கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆலப்புழையும் காசியும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நட்ட ஒரு காலி நிலம், கொடித்தோரணம், ஷாமியானா, வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு, அதில் ஒருவர் தன் பெயருக்கு ஒதுக்கிய கல்லை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தேடுகிற காட்சி... அது எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த காட்சி. ஒருவன் உள்ளூரிலேயே வெளியாளாவதற்கு இன்றைக்கு அதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது.

*

தேனியைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்தது. புதிய பஸ் நிலையம் ஊருக்கு வெளியே போனது. சாலையோரத் தோப்புகளில் தென்னை போய் வளைவு வந்தது. வளைவில் ஒரு 'நகர்' பெயர், உள்ளே முப்பதடிச் சாலை, நாலு வீடு, மீதி கருவேலம். நாலு வீட்டிலும் திண்ணை கிடையாது. காம்பவுண்டுச் சுவர், கேட், கேட்டில் நாய் ஜாக்கிரதை. யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இந்த வகையில் சமத்துவம் வந்துவிட்டது. இதை நையாண்டியாகத்தான் எழுதுகிறேன். ஒரு சில மனைகளில் இன்ன சாதிக்குக் கொடுப்பதில்லை என்று வாய்ப்பேச்சாகச் சொல்லப்படுவது ஊரறிந்த விஷயம், பத்திரத்தில் வராது.

தமிழ் சினிமா இந்த மாவட்டத்துக்கு வந்ததெல்லாம் பச்சைக்காக. வயல், அருவி, பனி, குரங்கணி மலை. வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். லெனின் பாரதிதான் பச்சைக்கு நடுவே முளைத்த இரும்பையும் எடுத்தார். அந்த வழியில் அடுத்த படம் இன்னும் வரவில்லை.

படம் எடுக்கும் ஆசையோடு இந்தப் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுருளி அருவியையும் மேகமலையையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். புறவழிச்சாலையில் இறங்கி ஏதாவது ஒரு மனைப்பிரிவுக்குள் நடந்து போங்கள். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டோ, செங்கலுக்குக் காவலிருந்துகொண்டோ ஒரு பெரியவர் இருப்பார். இந்த இடம் முன்னே யாருடையது என்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கேமராவை அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வையுங்கள், கேட்டுக்கு வெளியே வைக்காதீர்கள்.